எழுந்திரு என்று சொல்லாதவர்

எங்கள் மேனேஜர் இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் "எழுந்திருங்கள்" என்று சொன்னதில்லை. ஆனால் அவர் நினைத்து, எழுந்திருக்காதவரும் இல்லை. உடனே அவரை ரவுடி என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் ஒல்லி. குரல் அதைவிட ஒல்லி. யாரையாவது திட்ட வேண்டி வந்தால் திட்டு வாங்குகிறவனுக்கு முன்னால் இவருக்குக் கண் கலங்கிவிடும். சர்வர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் 'காத்து' என்பார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, ஆனால் அவர் கடந்துபோன மேசையில் ஏதாவது ஒன்று அசைந்திருக்கும்.

நான் அந்த உணவகத்தின் கேஷியர். வாசலை ஒட்டிய கல்லாவில், உயரமான நாற்காலியில், அவர் அங்கே வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லிக்கொள்ளட்டும். அவர் கதையை நான் சொல்லாவிட்டால் அவர் சொல்லப்போவதில்லை. அவர் தன் வீட்டு விலாசத்தையே யாராவது இரண்டு தடவை கேட்டால்தான் சொல்வார்.

எங்கள் கூடம் சின்னது. ஒரு பக்கம் பேருந்து நிலையம், இன்னொரு பக்கம் அலுவலகங்கள், எதிரே ஆஸ்பத்திரி. மதியமானால் நடைபாதையில் வரிசை நிற்கும். உள்ளே சூப்பின் ஆவி ஜன்னல் கண்ணாடிகளில் படிந்து, வெளியே நிற்பவர்கள் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோலத் தெரிவார்கள். முகம் தெரியாது. ஒரு நீலக் குடை, ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு குழந்தையின் சிவப்புத் தொப்பி என்று நிறங்கள் மட்டும் மெதுவாக நகரும். கரண்டிச் சத்தமும் பேச்சும் சேர்ந்து ஒரே முனகலாகி, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கண் சொக்கும். அந்த ஆவிக்குள்ளே எங்கள் மேனேஜர் நாற்காலிகளின் முதுகை விரலால் தொட்டுக்கொண்டே மிதந்து வருவார்.

சாப்பிட்டு முடித்தவர்கள் உடனே எழுந்துவிடுவார்களா என்ன? வயிறு நிறைந்ததும் மனிதனுக்கு உலகம் அழகாகிவிடுகிறது. மேசையைப் பட்டா போட்டு வாங்கியதுபோல சாய்ந்துகொள்வான். மற்ற இடங்களில் பில்லைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். கஸ்டமர் முறைத்துக்கொண்டு போவான், திரும்ப வரமாட்டான். எங்கள் மேனேஜருக்கு அந்த முரட்டு வேலை தெரியாது. கடைசிக் கவளம் வாய்க்குள் போவதற்கும் தட்டு மேசையிலிருந்து மறைவதற்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளிதான் இருக்கும். யார் எடுத்தார்கள் என்று பார்ப்பதற்குள் அவர் அடுத்த மேசையில் இருப்பார். திரும்பி வரும்போது உப்பு ஜாடியைச் சுவரோரம் நகர்த்தி நேராக வைப்பார். அப்புறம் என் பக்கம் பார்த்துச் சுண்டுவிரலை லேசாகத் தூக்குவார். மின்விசிறிகளின் சுவிட்சுப் பலகை என் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மேசைக்கு மேலே சுற்றும் விசிறியை நான் ஒரு படி குறைப்பேன். காற்று குறைந்தது யாருக்கும் தெரியாது. சட்டைக்குள் லேசாகப் புழுங்கும், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து அவர் போய், "வேற ஏதாவது?" என்பார். கேள்விதான். ஆனால் அதைக் கேட்கிற விதத்தில், சாயங்காலம் ஆகிவிட்டது, விளையாடினது போதும் என்று வீட்டிலிருந்து கூப்பிடுகிற அம்மாவின் குரல் இருக்கும். கடைசியாக எதிர் நாற்காலியை ஒரு விரற்கடை வெளியே இழுத்துவிடுவார். உட்கார்ந்திருப்பவர் தூக்கத்தில் நடப்பவர்போல எழுந்து, கை கழுவி, என்னிடம் வந்து பணம் கொடுத்துவிட்டு, "இங்க வந்தா மனசுக்கு ஒரு நிம்மதிங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தாலாட்டுப் பாடித் தூங்கவைப்பார்கள். இவர் தாலாட்டுப் பாடி அனுப்பிவைப்பார்.

இந்த வித்தை எங்கே கற்றது என்று ஒருநாள் கேட்டேன். மதியக் கூட்டம் வடிந்து, நாற்காலிகளெல்லாம் தூங்குவதுபோல இருக்கும் நேரம். ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து ஈரத் தரையில் படுத்திருந்தது. அவர் வழக்கம்போல கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாடும் சமையலறை வாசலில் நின்றபடிதான்.

"எங்க வீட்ல பிள்ளைங்க ஜாஸ்தி, தட்டு கம்மி" என்றார். "அண்ணன் சாப்பிட்டு எழுந்து தட்டக் கழுவி வெச்சாத்தான் எனக்கு. நான் எழுந்தாத்தான் தம்பிக்கு. அவன் எதிர்ல நின்னு என் வாயையே பாத்துட்டு இருப்பான். கடைசி வாய நான் உக்காந்து மென்னதே இல்ல, கேஷியரம்மா. எழுந்துக்கிட்டேதான் முழுங்குவேன்."

"அதுக்கு? இப்பத்தான் தட்டு அடுக்கடுக்கா இருக்கே."

"தட்டு இருக்கு. ஆனா வெளிய பாருங்க, எப்பவும் யாராவது நிக்கிறாங்க. உக்காந்திருக்கவனுக்குப் பசி தீந்துடுச்சு. நிக்கிறவன்தான் நம்ம கஸ்டமர்."

தட்டு கழுவி, தண்ணீர் ஊற்றி, ஆர்டர் எடுத்து, மேற்பார்வை பார்த்து, மேனேஜராகும்வரை அவர் பிடித்துக்கொண்டு வந்த கயிறு இந்த ஒரு வாக்கியம்தான். அவருக்கு அடிக்கடி ஒரு கனவு வருமாம். ஒரு பெரிய கூடம், சுவரே கண்ணுக்குத் தெரியாது. எல்லா மேசையும் நிறைந்திருக்கிறது, யாரும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். வெளியே வரிசை தெருவைத் தாண்டி, வயலைத் தாண்டி, கடலுக்குள் போகிறது. இவர் தண்ணீர் ஜாடியோடு நடந்துகொண்டே இருக்கிறார். "பயமா இருக்குமா?" என்று கேட்டேன். "இல்ல. அந்த வரிசைல எங்க வீட்டு ஆளுங்களும் நிக்கிற மாதிரி இருக்கும். மொகம் மட்டும் தெரியாது" என்றார். எனக்கு என்னவோபோல இருந்தது. பேச்சை மாற்றிவிட்டேன்.

உணவகத்தில் இது வித்தை. வீட்டில் இது வினை.

அவர் வீட்டம்மா எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் என் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு புலம்பித் தீர்ப்பார். அந்த அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர், வெளியூர்க்காரர், நல்ல சாப்பாட்டுப் பிரியர், ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று பெட்டியோடு வந்தாராம். இரண்டாம் முறை சோறு வாங்கலாமா, மூன்றாம் முறையும் வாங்கலாமா என்று மனுஷன் யோசித்துக்கொண்டிருக்கும்போது தட்டைக் காணோம். உப்பு ஜாடி ஓரத்துக்குப் போய்விட்டது. தலைக்கு மேலே விசிறி முனகுகிறது. எதிரே மாப்பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு, "வேற ஏதாவது?" என்று நிற்கிறார். அண்ணன் அன்றைக்குச் சாயங்கால வண்டியிலேயே கிளம்பிவிட்டார்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்வாங்க" என்றார் வீட்டம்மா. "எங்க வீட்ல மூணு வேளைகூட தாங்காது. உங்க மேனேஜர் விருந்தாளிய பார்சல் கட்டி அனுப்பிடுவாரு."

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

மேனேஜருக்கோ இது ஒன்றும் புரியவில்லை. "மச்சான் ஏன் அப்படி சட்டுனு கிளம்பிட்டாரு? நல்லாத்தானே கவனிச்சேன்?" என்று என்னிடமே வந்து கேட்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, போட்டு உடைத்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு யாருடைய கைகளோ தன் சட்டைக்குள்ளிருந்து வந்திருப்பதுபோல. "பழகிடுச்சு, கேஷியரம்மா. இனிமே பாத்து இருக்கேன்" என்றார். பார்த்து இருந்தால் என்ன, பார்க்காமல் இருந்தால் என்ன. பழகின கை சொன்ன பேச்சு கேட்குமா? தூங்கும்போதுகூட அவர் கை போர்வை மேல் எதையோ துடைக்கிறதாம்.

அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே வந்து என் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின குழந்தை. எங்களுக்கெல்லாம் அவள் 'பாப்பா'. இப்போது எவ்வளவோ படித்து, வெளியூரில் ஒரு கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள், ஆனாலும் பாப்பாதான். அவளுடைய சின்ன வயசு விளையாட்டு என்ன தெரியுமா? ஒரு துணிப் பொம்மையை உட்காரவைத்து, மூடியில் தண்ணீர் வைத்துக் கொடுத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் தீப்பெட்டி நாற்காலியை இழுத்து, அதை எழுப்பி அனுப்புவாள். அப்பாவின் படிகள் அவளுக்கு அ, ஆ, இ, ஈ மாதிரி.

அந்த மகள் ஒருநாள் மதியம், கூட்டம் ஆரம்பிக்கும் நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து என் முன்னால் நின்றாள். தோளில் பை. வெளியே தூறல். அவள் முடியில் சின்னச் சின்னதாகத் தண்ணீர்.

"என்ன பாப்பா, திடீர்னு?"

"அத்தை, ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கம்பெனில எனக்கு ரெண்டு இடம் குடுத்திருக்காங்க. ஒண்ணு இங்கயே, வீட்லேர்ந்து பஸ்ல போயிட்டு வந்துடலாம். இன்னொண்ணு கடல் தாண்டி. போனா வருஷக்கணக்காகும், நினைச்சா வர முடியாது. எதுன்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லியாகணும்."

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? வீட்ல சொகுசா இருந்துட்டுப் போவியா..."

"வீட்ல இருன்னு சொல்லணும்ல?"

"உங்க அம்மா தெனமும் அதத்தானே..."

"அம்மா சொல்வாங்க. அப்பா?" அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "நான் லீவுக்கு வந்தா மறுநாள் காலைல என் பை வாசல்கிட்ட இருக்கும் அத்தை. தூசி தட்டி, ஜிப்பு போட்டு, தண்ணி பாட்டில் நிரப்பி. நான் இருந்தா அவருக்கு ஏதோ இடைஞ்சலா இருக்கு போல."

"பைத்தியம், பஸ்ஸ விட்டுடக் கூடாதேன்னு வெச்சிருப்பாரு."

"எதுவா வேணா இருக்கட்டும். ஒரே ஒரு தடவ அவர் வாயால 'இரு'ன்னு சொல்லட்டும். நான் இருந்துடறேன். ஆனா நீங்க போய் சொல்லிக் குடுக்கக் கூடாது. நீங்க சொல்லி அவர் சொன்னா அது உங்க வார்த்தை, அவரோடது இல்ல."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிரு என்பது மீனைப் பார்த்துத் தரையில் இரு என்பது மாதிரி. அதைவிடக் கொடுமை என்னவென்றால், போன வாரம்தான் அவள் அப்பன் இதே கல்லாவில் சாய்ந்துகொண்டு, "பாப்பா இந்த ஊருக்கே வந்துட்டா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று பெருமூச்சு விட்டிருந்தார். "சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "படிச்ச பொண்ணு. நான் ஏதாவது சொல்லி, புடிச்சு வெச்ச மாதிரி ஆயிடக் கூடாது" என்றார். அந்தப் பக்கமும் தெரியும், இந்தப் பக்கமும் தெரியும், நடுவில் நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

அவள் ஜன்னலோர மேசையில் போய் உட்கார்ந்தாள். மேனேஜர் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "வாம்மா, எப்ப வந்தே? சாப்டியா?" என்று கேட்டு, பதில் வருவதற்கு முன்பே சமையலறைக்குப் போய்த் தானே சூப்பும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். தட்டைத் துடைத்து வைத்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்துவிட்டார்கள். அவர் தலை தானாகத் திரும்பியது. கால் தானாக நடந்தது.

தூறல் மழையாயிற்று. நடைபாதையில் இருந்தவர்களெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கண்ணாடியில் ஆவி இன்னும் அடர்ந்து, கூடமே ஒரு மேகத்துக்குள் போய்விட்டதுபோல இருந்தது. சத்தங்கள் எல்லாம் தூரத்திலிருந்து வந்தன. அந்த மங்கலில் பாப்பா சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். குடிக்கிற மாதிரி தெரியவில்லை. அப்பா இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வந்தார், போனார், சிரித்தார். நின்று பேசவில்லை. அவர் கண் முழுக்க மழையில் நனைகிறவர்கள் மேல் இருந்தது. அது அவர் தப்பில்லை. ஆனாலும் எனக்குக் கல்லாவிலிருந்து எட்டி அவர் காதைத் திருக வேண்டும்போல இருந்தது.

ஒரு கட்டத்தில் அவள் சூப்புத் தட்டைத் தள்ளிவைத்தாள். பாதிகூடக் குடிக்கவில்லை. தள்ளிவைத்த மறுகணம் தட்டு இல்லை.

அவள் மேசையையே பார்த்தாள். ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. அழுகையைவிட மோசமான சிரிப்பு.

நான் உடனே எங்கள் சர்வரைக் கூப்பிட்டேன். அவனுக்கு 'மின்னல்' என்று பெயர், அவ்வளவு மெதுவாக நடப்பான். "ஜன்னல் மேசைக்கு ஒரு காபி கொண்டு போ" என்றேன். "அவங்க கேக்கலையே" என்றான். "நான் கேக்கறேன், போடா" என்றேன். மின்னல் சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் உப்பு ஜாடி சுவரோரம் போய்விட்டது. ரொட்டித் துணுக்குகளை மேனேஜரின் கை ஒரே வீச்சில் துடைத்துக்கொண்டு போனது. அவர் பேசிக்கொண்டிருந்தது பக்கத்து மேசையோடு. கை மட்டும்தான் இங்கே வந்துபோனது. பாப்பா பையைத் தரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கூடத்தின் நடுவிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டிச் சுண்டுவிரலைத் தூக்கினார்.

இத்தனை வருஷமாக அந்த விரலைக் கண்டால் என் கை சுவிட்சுக்குப் போய்விடும். அன்றைக்கு மடியிலேயே இருந்தது. அவர் மறுபடியும் விரலைத் தூக்கினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே அந்த விசிறியை ஒரு படி கூட்டினேன். பாப்பாவின் முடி பறந்தது. அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவில் மிதந்து, கல்லாவுக்கு வந்து, தானே விசிறியைக் குறைத்தார். நான் கூட்டினேன். அவர் குறைத்தார். பணம் கொடுக்க நின்றவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன கேஷியரம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் மேனேஜர்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த மேசைல யாருன்னு பாத்தீங்களா?"

"பாப்பாதான்." சொல்லும்போதே அவர் கண் வாசல் பக்கம் போனது. "வெளிய நனையறாங்க பாருங்க, பாவம். பாப்பா நம்ம பொண்ணு, தப்பா நினைக்க மாட்டா."

அந்த நேரம் பாப்பா எழுந்துவிட்டாள். நாற்காலி இழுக்கப்படும்வரை காத்திருக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசை அருகில் நின்றாள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவள்போல. சத்தியமாவது ஒன்றாவது. சொல்லக் கூடாததை நான் சொல்லவும் இல்லை. நான் சொன்னது இவ்வளவுதான்:

"நிக்கிறவங்கதான் உங்க கஸ்டமர்னு சொல்வீங்கல்ல? அதோ, உங்க பொண்ணு நிக்கிறா. ரொம்ப நாளா நிக்கிறா."

அவர் திரும்பிப் பார்த்தார்.

தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை, தான் எந்த அறையில் இருக்கிறோம் என்று தேடுமே, அப்படி ஒரு பார்வை. சுத்தமாகத் துடைத்த மேசை. சுவரோரம் உப்பு ஜாடி. பையோடு நிற்கிற பெண். தன் கை செய்த வேலையை அவர் முதல் தடவையாகத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு நடந்தார். மிதக்கவில்லை, செருப்புச் சத்தம் கேட்க நடந்தார். ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டார். மன்னிப்பும் கேட்கவில்லை.

மேசைக்குப் போனதும் எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்து வெளியே இழுத்தார். ஐயோ, கடைசிப் படி. பாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

மதியக் கூட்டத்தில், மேனேஜர் சட்டையோடு, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மின்னல் காபியோடு நட்ட நடுவில் நின்றுவிட்டான். சமையலறை ஜன்னலில் மாஸ்டரின் தலை வந்தது. கரண்டிச் சத்தங்கள் ஒன்றொன்றாக நின்று, மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"உக்காரும்மா" என்றார்.

அவள் உட்காரவில்லை. "நேரமாச்சுப்பா. வெளிய நிக்கிறாங்க."

"நிக்கட்டும்."

எங்கள் கூடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பாப்பாவும் கேட்டிருக்க மாட்டாள். மெதுவாக உட்கார்ந்தாள். அவர் கையை மேசைமேல் வைத்தார். அது தன் பாட்டுக்குத் துடைக்கத் தொடங்கியது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்மா" என்றார். குரல் நூல்போல வந்தது. "நீ இங்கயே இரு."

"இங்கன்னா? இந்த மேசைலயா?"

"இந்த மேசைலயும் இரு. வீட்லயும் இரு." மூச்சு வாங்கினார். "உனக்கு வேற எங்கயாவது போகணும்னா போ, நான் புடிச்சு வெக்கல. ஆனா நீ வர்றேன்னா நான் காலைலேர்ந்து வாசலையே பாத்துட்டு இருப்பேன். உன் பையத் தூக்கி வாசல்ல வெக்கும்போது எனக்கு மனசே வராது. எதுக்கு வெக்கிறேன்னு எனக்கே தெரியல. நீ இருந்தா எனக்கு நல்லா இருக்கும்மா. அவ்வளவுதான்."

பாப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கையை எடுத்தபோது கண்ணெல்லாம் சிவப்பு.

"இதச் சொல்ல இவ்வளவு நாளாப்பா உனக்கு?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

"கூட்டமா இருந்துச்சும்மா" என்றார்.

கல்லாவில் நான் சில்லறையை எண்ணத் தெரியாமல் ஒருவருக்கு ஏதோ கூடுதலாகக் கொடுத்துவிட்டேன். அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு மேனேஜர் ஒரு சூப் கேட்டார். மின்னல் கொண்டுவந்து வைத்தான். எங்கள் மேனேஜருக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியவில்லை. முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டார். பாப்பா ஊதிக் கொடுத்தாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, என் வாழ்க்கையிலேயே காதைத் தீட்டாமல் விட்ட பேச்சு அது ஒன்றுதான். நடுவில் அவள் போனை எடுத்து யாருக்கோ மெதுவாக, "நான் இங்கேயே ஜாய்ன் பண்ணிக்கிறேன்" என்று சொன்னது மட்டும் உதட்டசைவில் தெரிந்தது.

மழை விட்டது. கண்ணாடியில் ஆவி கரைந்து வெயில் பழுப்பாக உள்ளே வந்தது. அவர் தட்டு காலியாகிவிட்டது. முகவாயைக் கையில் தாங்கியபடி, மகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கண் சொக்கிக்கொண்டிருந்தார். அவர் கனவில் வரும் அந்தப் பெரிய கூடத்துக்குப் போய்விட்டார்போல. இந்தத் தடவை அவரும் அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மின்னல் பழக்கதோஷத்தில் தட்டை எடுக்கக் கை நீட்டினான். பாப்பா தட்டின்மேல் கையை வைத்துவிட்டாள். அவன் விடவில்லை, நல்ல மாணவன். உப்பு ஜாடியை ஓரமாக நகர்த்திவிட்டு, என்னைப் பார்த்துச் சுண்டுவிரலைத் தூக்கினான். நான் அவனை ஒரு முறை முறைத்து, அந்த விசிறியைக் கடைசிப் படிவரைக்கும் கூட்டிவிட்டேன்.

வாசலில் நனைந்துபோய் நின்றுகொண்டிருந்த ஒருவர் கல்லாவுக்கு வந்தார். நீலக் குடைக்காரர். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த மேசை காலியாகுமாங்க? அவங்க சாப்பிட்டு முடிச்ச மாதிரி இருக்கே."

"இல்லைங்க" என்றேன். "அவங்க இப்பத்தான் உக்காந்திருக்காங்க."